ஐந்து மில்லிமீட்டர் அலையும் ஆச்சார்ய போஸும்



ஐந்தாம் பருவத்தில் எங்கள் வகுப்பில் செமினாருக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எனக்கு வந்த சீட்டில், மைக்ரோவேவ் கதிர்களை உறிஞ்சும் எடை குறைந்த பாலிமர் நானோகாம்போசிட்டுகள் என்று எழுதியிருந்தது. படித்து முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். வீட்டில் போய் யாரிடம் கேட்பது? அப்பா தகர வேலை செய்பவர். புனல், எண்ணெய் அளக்கும் படி, முறம், வாளி எல்லாம் செய்வார். பிளாஸ்டிக் வாளியும் பிளாஸ்டிக் புனலும் வந்த பிறகு அந்த வேலை பாதிக்கு மேல் போய்விட்டது. பிளாஸ்டிக் என்பது பாலிமர்தான். அப்பாவின் பிழைப்பைக் கெடுத்த சாமானைப் பற்றியே நான் மேடையேறிப் பேசணும் போலிருக்கு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தலைப்புக்காக நூலகத்தில் தேடப் போன இடத்தில்தான் ஆச்சார்ய ஜகதீச சந்திர போஸ் எனக்குக் கிடைத்தார். செடிக்கு உயிர் உண்டு என்று கண்டுபிடித்தவர் என்று சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அதே போஸ். (அதுவும் முழுக்கச் சரியில்லை. செடிக்கு உயிர் இருப்பது எங்கள் பாட்டிக்கே தெரியும். வெளியிலிருந்து வரும் தூண்டுதலுக்குச் செடி எப்படிப் பதில் கொடுக்கிறது என்று கருவி வைத்து அளந்து காட்டினார் என்பதே சரி.) ஆனால் செடிப் பக்கம் போவதற்கு முன்னால் அவர் நம்ம துறைக்காரர். மைக்ரோவேவ் ஆய்வகத்தில் நாம் தொட்டுப் பார்க்கிற பாதிச் சாமான்களுக்கு அவர்தான் முன்னோடி. இது எனக்குத் தெரியவே தெரியாது. உங்களிலும் பலருக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

போஸ் 1858 நவம்பர் 30 அன்று அன்றைய வங்காளத்தில் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் அரசாங்க உத்தியோகத்தில் டெபுடி மாஜிஸ்திரேட். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்புவார்கள். பகவான் சந்திரர் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே ஒரு பக்கம் அப்பாவின் அலுவலகப் பியூனுடைய மகன், இன்னொரு பக்கம் ஒரு மீனவரின் மகன், நடுவில் போஸ். அவர்கள் சொன்ன மீன் கதைகளையும் பறவைக் கதைகளையும் கேட்டு வளர்ந்தார். அவரைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர் யார் தெரியுமா? ஒரு பழைய கொள்ளைக்காரர். பகவான் சந்திரரே தண்டனை கொடுத்து உள்ளே அனுப்பிய ஆள். வெளியே வந்த பிறகு பிழைக்க வழியில்லை என்று சொன்னதும் வீட்டிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். அப்படிப்பட்ட அப்பா! பிற்பாடு பர்த்வானில் காய்ச்சல் வந்து ஜனங்கள் செத்துப் பிள்ளைகள் அநாதையாக நின்றபோது, அவர்களுக்காகத் தச்சு வேலை, உலோக வேலை கற்றுத் தரும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். சிறுவன் போஸ் கையில் உளியும் அரமும் ஏறியது அங்கேதான். நம்ம ஒர்க்‌ஷாப் பிராக்டிகல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் லாஃபோன் என்ற பாதிரியார் அவருக்கு இயற்பியலில் ருசி உண்டாக்கினார். 1880-இல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். ஏற்கெனவே பிடித்திருந்த காய்ச்சல் விடவில்லை, பிணம் அறுக்கும் அறையின் வாடையும் ஒத்துக்கொள்ளவில்லை. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜ் கிறிஸ்ட் கல்லூரியில் இயற்கை விஞ்ஞானம் சேர்ந்தார். அங்கே லார்ட் ரேலி அவருக்கு ஆசிரியராகக் கிடைத்தார். 1884-இல் பட்டம். 1885-இல் ஊர் திரும்பி, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக இயற்பியல் பேராசிரியரானார்.

இங்கேதான் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போன சம்பவம். அப்போது ஒரே வேலைக்கு வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு முழுச் சம்பளம், இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கு. போஸ் தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி, அதாவது மூன்றில் ஒரு பங்குதான். அவர் சண்டை போடவில்லை, மனு மேல் மனு போடவில்லை. வேலைக்கு ஒழுங்காகப் போனார், பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் கையில் வாங்கவில்லை. ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, மூன்று வருஷம்! அந்த நேரத்தில் குடும்பம் கடனில் இருந்தது. அப்பா நல்லெண்ணத்தில் தொடங்கிய தொழில்களெல்லாம் நஷ்டத்தில் முடிந்திருந்தன. 1887-இல் கல்யாணமும் ஆகிவிட்டது. மனைவி அபலா, நம்ம சென்னையில் மருத்துவம் படித்தவர். பெண்களை அப்போது கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்க்காததால் 1882-இல் வங்காளத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தார். உடம்பு சரியில்லாமல் படிப்பை முடிக்க முடியாமல் போனது. சம்பளம் வராத அந்த வருஷங்களில் இருவரும் ஹூக்ளி ஆற்றுக்கு அக்கரையில் குறைந்த வாடகைக்கு இருந்தார்கள் என்றும், காலையில் அவரே துடுப்புப் போட்டு இக்கரைக்கு வருவார், அந்த அம்மாள் படகைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போவார் என்றும் சொல்வார்கள். கடைசியில் அரசாங்கம்தான் இறங்கி வந்தது. முழுச் சம்பளத்தையும் பழைய பாக்கியோடு கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் அப்பாவின் கடனை அடைத்தார்.

மாதக் கடைசியில் சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனால் ஒரு வீடு என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த மூன்று வருஷத்தின் கனம் தெரியும். என்னால் மூன்று வாரம்கூட முடியாது என்று உண்மையை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது அலைக்கு வருவோம். மின்காந்த அலை உண்டு என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் மாக்ஸ்வெல். அதை 1888-இல் பரிசோதனையில் காட்டியவர் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் 1894 ஜனவரி 1 அன்று, 36 வயதில் இறந்துபோனார். அவருடைய வேலையைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் எழுதியது போஸ் கைக்கு வந்தது. அதே 1894 நவம்பர் 30 அன்று போஸுக்கு 36 வயது நிறைந்தது. இனிமேல் வெறுமனே பாடம் நடத்திக்கொண்டிருக்கப் போவதில்லை, ஆராய்ச்சிதான் என்று அன்று அவர் முடிவு செய்தாராம். ஒருவர் விட்ட வயதில் இன்னொருவர் தொடங்கினார்.

ஆராய்ச்சி என்றால் ஆய்வகம் வேண்டுமே? கல்லூரியில் குளியலறையை ஒட்டி ஒரு சின்ன அடைப்பு கிடைத்தது. மானியம் கிடையாது, செலவெல்லாம் சொந்தக் காசு. கருவி செய்ய ஆள்? உள்ளூர்த் தகரக்காரர் ஒருவரைப் பிடித்தார். பள்ளிக்கூடம் போகாத அந்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்து வேலை வாங்கினார். இந்த வரியைப் படித்தபோது நூலகத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதலாம் ஆண்டு சேரும்போது படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் சுயதொழில் என்று எழுதியவன்.

ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகள் நீளமானவை, அவருடைய சின்ன அலையே அறுபது எழுபது சென்டிமீட்டர் இருக்கும். அவ்வளவு நீள அலைக்குக் கண்ணாடியும் பட்டகமும் செய்தால் ஆள் உயரத்துக்கு வரும். அலையைவிடக் கருவி பெரிதாக இருந்தால்தான் அலை ஒளிக்கற்றை மாதிரி ஒழுங்காகப் போகும். போஸ் கருவியைப் பெரிதாக்காமல் அலையைச் சின்னதாக்கினார். சின்ன உலோக உருண்டைகளுக்கு நடுவே தீப்பொறி விட்டு, 5 மில்லிமீட்டர் நீள அலை வரைக்கும் இறக்கிவிட்டார். இன்றைய கணக்கில் அது 60 கிகாஹெர்ட்ஸ். அவர் பயன்படுத்திய அலைகள் சுமார் 12-லிருந்து 60 கிகாஹெர்ட்ஸ் வரை வரும். மொத்த ஏற்பாடும் ஒரு மேசைமேல் அடங்கிவிட்டது. அலை வெளியே வர உலோகக் குழாய் வைத்தார். இன்றைக்கு அதற்குப் பெயர் வேவ்கைடு. அலையைப் பிடித்து உள்ளே அனுப்ப வாய் விரிந்த சதுரப் புனல் வைத்தார். இன்றைக்கு அதற்குப் பெயர் ஹாரன் ஆன்டென்னா. அவர் அதைப் புனல் என்றேதான் குறிப்பிட்டிருக்கிறார். ஆய்வகத்தில் முதல் நாள் ஹாரனைப் பார்த்ததும் எனக்கும் புனல் என்றுதான் தோன்றியது. சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஏற்பியில் அந்தக் காலத்து உலோகத் தூள் குழாயை விட்டுவிட்டு, சின்னச் சின்ன ஸ்பிரிங்குகளை வரிசையாக நெருக்கி வைத்து, திருகைத் திருப்பி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்படி செய்தார். அப்புறம் கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தையும் பயன்படுத்தினார். டயோடு என்ற சொல்லே அகராதிக்கு வராத காலம் அது!

கருவி தயாரானதும் அவர் செய்த வேலைதான் என் செமினார் தலைப்போடு ஒட்டுகிறது. கையில் கிடைத்த பொருளையெல்லாம் அலையின் பாதையில் வைத்துப் பார்த்தார். எது விடுகிறது, எது தடுக்கிறது, எது வளைக்கிறது? கண்ணுக்கு அடைப்பாகத் தெரியும் செங்கலையும் தாரையும் இந்த அலை கடந்து போனது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தண்ணீர் இந்த அலையை விடவில்லை. கந்தகத்தில் லென்சும் பட்டகமும் செய்தார். கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை இந்த அலைக்கு அளந்தார்.

அதில் இரண்டு பரிசோதனைகளை நான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று புத்தகம். சாதாரணப் புத்தகத்தை அலையின் பாதையில் நிறுத்தினால், அலையின் மின்புலம் பக்கங்களுக்குக் குறுக்காக இருந்தால் கடந்து போகிறது, பக்கங்களோடு இணையாக இருந்தால் மங்கிப்போகிறது. இன்னும் பலமாக வேண்டும் என்று, பிராட்ஷா ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே ஈயத் தாளைச் செருகினார். முதல்தரமான போலரைசர் ஆகிவிட்டது. ரயில் நேரம் பார்க்கிற புத்தகத்தை வைத்து இவ்வளவு வேலை!

இரண்டாவது சணல். வங்காளத்தில் சணலுக்குப் பஞ்சமா? சணல் நாரை ஒரு பக்கமாக முறுக்கிக் கட்டி வைத்தால் அலையின் அதிர்வுத் தளம் ஒரு பக்கம் திரும்புகிறது, எதிர்ப்பக்கம் முறுக்கினால் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. சர்க்கரைக் கரைசல் ஒளியைத் திருப்புவதற்கு மாதிரி இது. 1898-இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் இந்தக் கட்டுரை வந்தது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இன்றைக்கு உறிஞ்சும் தகடு செய்பவர்கள் செய்வது என்ன? மின்சாரம் கடத்தாத ஒரு பாலிமருக்குள் மின்சாரம் கடத்தும் சின்னச் சின்னத் துணுக்குகளை அளவோடு பரப்பி வைக்கிறார்கள். காகிதத்துக்கு நடுவே ஈயத் தாள் வைத்தாரே, அந்தக் குடும்பத்து யோசனைதான். பிற்காலத்தில் 1980-களில், பாலிமருக்குள் முறுக்குச் சுருள்களைப் போட்டு உறிஞ்சும் பொருள் செய்யலாமா என்று ஆராய்ந்தார்கள். அந்த முறுக்குக்கு மூத்தது போஸின் சணல்.

உறிஞ்சுவது என்றால் சும்மா தடுப்பது இல்லை. செமினாருக்குப் படிக்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தகரத்தை வைத்தால் அலை அந்தப் பக்கம் போகாது, வாஸ்தவம். ஆனால் பட்ட வேகத்தில் திரும்பி வந்துவிடும். ராடார்க்காரனுக்கு அதுதானே வேண்டும்? உறிஞ்சும் பொருள் எலிப்பொறி மாதிரி. முதலில் உள்ளே வர விட வேண்டும், வந்ததை வெளியே விடாமல் அங்கேயே வெப்பமாக்கிக் கரைக்க வேண்டும். உள்ளே வர வேண்டுமானால் அந்தப் பரப்பின் இம்பீடன்ஸ் காற்றுவெளியின் 377 ஓமுக்குப் பொருந்த வேண்டும். வின்ஃபீல்டு சாலிஸ்பரி என்ற அமெரிக்கர் 1952-இல் காப்புரிமை பெற்ற திரை இதற்கு எளிய உதாரணம். உலோகத் தகட்டுக்கு முன்னால் அலைநீளத்தில் கால் பங்கு தள்ளி 377 ஓம் தாள் ஒன்று. 10 கிகாஹெர்ட்ஸுக்கு அந்த இடைவெளி 7.5 மில்லிமீட்டர். போஸின் 5 மில்லிமீட்டர் அலைக்கு 1.25 மில்லிமீட்டர் போதும்.

ஃபெரைட் நன்றாக உறிஞ்சும், ஆனால் கனம். கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம் வரும், பாலிமர் 1 கிராம் சுமார்தான். விமானத்தின் உடம்பு முழுக்க ஃபெரைட் பூசினால் அது எப்படிப் பறக்கும்? அதனால்தான் பாலிமருக்குள் கார்பன். சாதாரணக் கரித்தூள் என்றால் நிறையப் போட வேண்டும், தகடு நொறுங்கும். 1991-க்குப் பிறகு கார்பன் நானோ குழாயும் 2004-க்குப் பிறகு கிராஃபீனும் வந்தன. நானோ குழாய் மெலிந்து நீண்ட நூல் மாதிரி இருப்பதால், எப்பாக்சியில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகப் போட்டாலே ஒன்றையொன்று தொட்டு வலை பின்னிவிடும். எடையும் ஏறாது. 10 டெசிபல் குறைந்தால் நூற்றில் தொண்ணூறு பங்கு சக்தி திரும்பி வரவில்லை என்று அர்த்தம், 20 டெசிபல் என்றால் தொண்ணூற்றொன்பது.

சரி, டவுன் ஹாலுக்கு வருவோம். 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் பொதுமக்கள் முன்னிலையில் கம்பி இல்லாமல் அலையை அனுப்பி, தூரத்தில் மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தை வெடிக்க வைத்தார். அலை சுவர்களைக் கடந்து போனது, நடுவில் உட்கார்ந்திருந்த லெப்டினன்ட் கவர்னர் மெக்கன்ஸியின் உடம்பையும் கடந்து போனது என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் இந்தச் சின்ன அலையை விடாது என்று போஸே காட்டியிருக்கிறார். அப்படியானால் கவர்னர் உடம்பு ஒரு நல்ல உறிஞ்சி! தீப்பொறியில் நீள அலைகளும் கலந்தே வரும், அவை அவரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். அவ்வளவு பெரிய மனிதரைச் சந்தேகப்படலாமா என்று கேட்காதீர்கள். சந்தேகப்படத்தானே படிக்க வைக்கிறார்கள்.

அதற்குப் பிறகு விஷயம் வேகமாக நடந்தது. 1896-இல் லண்டன் பல்கலைக்கழகம் டி.எஸ்ஸி. பட்டம் கொடுத்தது. 1897 ஜனவரி 29 வெள்ளிக்கிழமை மாலை, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், ஃபாரடே பேசிய அதே அரங்கில், தம் மேசைக் கருவிகளை வைத்துப் பேசினார். குளியலறைப் பக்கத்து அடைப்பில் தகரக்காரர் கையால் உருவான வேலை அங்கே போய் நின்றது.

வானொலியைக் கண்டுபிடித்தது போஸ்தான், மார்க்கோனி திருடிவிட்டார் என்று பேச்சுப்போட்டிகளில் முழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். நானும் ஒரு முறை முழங்கியிருக்கிறேன், பரிசும் வாங்கியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். கடல் தாண்டிச் செய்தி அனுப்பும் தந்தித் தொழிலை போஸ் குறியாக வைக்கவே இல்லை. அலையின் குணம் என்ன என்பதுதான் அவர் கேள்வி. ஆனால் இன்னொன்றும் உண்மை. இரும்பும் பாதரசமும் டெலிஃபோனும் சேர்ந்த ஓர் ஏற்பியைப் பற்றி போஸ் 1899-இல் ராயல் சொசைட்டியில் கட்டுரை கொடுத்தார். 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடல் தாண்டி வந்த சமிக்ஞையை மார்க்கோனி கேட்டது அந்த வகை ஏற்பியில்தான் என்று 1998-இல் புரோபீர் பந்தோபாத்யாய் ஆதாரங்களை அடுக்கி எழுதினார். இதைச் சொன்னாலே போதும், திருட்டுப் பட்டம் கட்ட வேண்டியதில்லை.

1901-இல் லண்டனில் ஒரு தந்திக் கம்பெனி முதலாளி காப்புரிமைப் படிவத்தோடு அவரைத் தேடி வந்தார். கையெழுத்துப் போட்டால் லாபத்தில் பங்கு. போஸ் மறுத்துவிட்டார். அந்தப் பண ஆசை ஒரு பொறி, ஒரு தடவை உள்ளே போனால் வெளியே வர முடியாது என்று நண்பர் தாகூருக்கு எழுதினார். பிறகு சாரா புல் என்ற அமெரிக்க அம்மாள் விடாமல் வற்புறுத்தியதால் கலீனா ஏற்பிக்கு மட்டும் விண்ணப்பம் போனது. 1904 மார்ச் 29 அன்று அமெரிக்கக் காப்புரிமை வந்தது. அதிலிருந்து அவர் பணம் பண்ணவில்லை.

இந்த இடத்தில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. மூன்று வருஷம் சம்பளம் வாங்காதது நியாயத்துக்காக, அதற்குத் தலை வணங்குகிறேன். காப்புரிமையை வேண்டாம் என்றது எனக்குப் பிடிபடவில்லை. கண்டுபிடிப்பு எல்லாருக்கும் பொது என்று அவர் நினைத்தார், சரி. ஆனால் அந்தப் பணம் வந்திருந்தால் குளியலறைப் பக்கத்து அடைப்புக்குப் பதில் பெரிய ஆய்வகம் சீக்கிரமே வந்திருக்குமே? வீட்டில் சாப்பாட்டுக்கு யோசிக்கிற பிள்ளைகள் இதை வேறு மாதிரித்தான் பார்ப்பார்கள். நண்பர்கள் இதில் என்னோடு சண்டை போடலாம், நான் தயார்.

அப்புறம் அவர் பாதை திரும்பியது. ஏற்பிகள் தொடர்ந்து வேலை செய்தால் களைத்துப்போவதையும், ஓய்வு கொடுத்தால் தேறுவதையும் கவனித்தார். உலோகம் களைக்கிறது என்றால் தசைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்தக் கேள்வி அவரைச் செடிகளிடம் கொண்டுபோனது. செடியின் வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் செய்தார். 1917-இல் சர் பட்டம், அதே வருஷம் நவம்பர் 30, தம் பிறந்த நாளில், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையம். 1920-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாகாவும் பிரசிடென்சியில் அவரிடம் படித்தவர்கள். 1937 நவம்பர் 23 அன்று கிரிடியில் காலமானார். 79-ஆம் பிறந்த நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

மில்லிமீட்டர் அலையை அவர் விட்ட பிறகு ஏறக்குறைய ஐம்பது வருஷம் அதை அதிகம் பேர் தொடவில்லை. இரண்டாம் உலகப் போரில் ராடார் வந்த பிறகுதான் குழாயும் புனலும் திரும்பி வந்தன. 1955-இல் செமிகண்டக்டர் வரலாற்றை எழுதிய பியர்சனும் பிராட்டனும் (டிரான்சிஸ்டர் பிராட்டனேதான்) ரேடியோ அலையைப் பிடிக்கப் படிகத்தைப் பயன்படுத்தியவர் என்று போஸைக் குறிப்பிட்டார்கள். 2012-இல் ஐ.இ.இ.இ. அமைப்பு அவருடைய மில்லிமீட்டர் அலைப் பரிசோதனைகளை மைல்கல்லாக அறிவித்தது. 2022-இல் நம் நாட்டில் 5ஜிக்காக ஏலம் விட்ட அலைகளில் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் இருந்தது, அது போஸ் புழங்கிய வட்டாரம்தான். அவருடைய 60 கிகாஹெர்ட்ஸ் அலையைக் காற்றில் இருக்கும் ஆக்சிஜனே உறிஞ்சிவிடும். ஒரு அறைக்குள் பேசினால் பக்கத்து வீட்டுக்கு எட்டாது என்பதால் இப்போது அதையே குறுந்தூரத் தொடர்புக்கு வசதி என்கிறார்கள்.

இனி எங்கள் கதை. செமினாரோடு விடாமல் மூன்று பேர் சேர்ந்து சின்னதாக ஒரு புராஜெக்ட் செய்தோம். நானோ குழாய் வாங்க எங்களிடம் காசு ஏது? டயரில் போடும் கார்பன் பிளாக்கை எப்பாக்சியில் கலந்து மூன்று தகடு வார்த்தோம், நூற்றுக்கு 5, 15, 30 என்ற அளவில். ஆய்வகத்து இரண்டு ஹாரன்களில் ஒன்றின் வாய் நசுங்கிக் கிடந்தது. மூன்று நாள் யோசித்துவிட்டு, அளவெடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் கொடுத்தேன். தொண்டை உள்ளளவு 22.86-க்கு 10.16 மில்லிமீட்டர். அப்பா பாயிண்டுக்கு அப்புறம் வருகிற கணக்கையெல்லாம் பார்க்கவில்லை. நல்ல ஹாரனைக் கொண்டுவரச் சொல்லி விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். தகரத்தை வெட்டி மடித்து, நவச்சாரம் போட்டு ஈயம் பற்றவைத்தார். முதல் ஹாரனில் ஈயம் உள்பக்கம் புடைத்துவிட்டது. உள்ளே வழவழவென்று இருக்க வேண்டும் என்று நான் சொல்லாமல் விட்டது என் தப்பு. இரண்டாவது சரியாக வந்தது.

கிளைஸ்ட்ரான் ஓடியது. முப்பது பங்குத் தகட்டை நடுவில் நிறுத்தியதும் மீட்டர் முள் ஏறக்குறைய சைபருக்கு விழுந்தது. குதித்தோம். சார் வந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: போன அலை எங்கே? ஏற்பி ஹாரனை எடுத்து, அனுப்பும் ஹாரன் பக்கத்திலேயே தகட்டைப் பார்த்து வைக்கச் சொன்னார். முள் எழும்பி நின்றது. அலையை நாங்கள் உறிஞ்சவே இல்லை, பாதி உலோகமாக்கித் திருப்பி அடித்துவிட்டோம்! ஐந்து பங்குத் தகடு அலையை அப்படியே விட்டுவிட்டது. பதினைந்து பங்குத் தகட்டில்தான், அந்தப் பக்கமும் முள் தாழ்ந்தது, இந்தப் பக்கமும் தாழ்ந்தது. மிச்சம் உள்ளே கரைந்தது. பெரிய சாதனை என்று சொல்ல வரவில்லை. ஆனால் எது விடுகிறது, எது தடுக்கிறது என்று ஒருவர் பொருள் பொருளாக வைத்துப் பார்த்த வேலை எப்படியிருக்கும் என்று அன்றைக்குக் கையால் தெரிந்துகொண்டேன்.

செமினார் அன்று போஸின் தகரக்காரரைப் பற்றிச் சொல்லும்போது, என் அப்பாவும் தகர வேலைதான் செய்கிறார், மேசைமேல் இருக்கும் ஹாரன் அவர் செய்தது என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பின் பெஞ்சில் ஒருவன் எழுந்து, அவன் வீட்டுக்கு ஒரு புனல் எவ்வளவு ஆகும் என்று கேட்டான். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

அன்றிரவு வீட்டில் அப்பாவிடம் போஸ் கதை முழுவதையும் சொன்னேன். கவர்னர், லண்டன், காப்புரிமை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி. அந்தக் கல்கத்தாத் தகரக்காரருக்குக் கூலி ஒழுங்காக வந்ததா என்று. அரசாங்கம் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கவில்லை, போஸ் தன் சம்பளத்திலிருந்துதான் செலவு செய்தார் என்றேன். அப்பா தலையாட்டிவிட்டு, முதலில் வீணான அந்த ஹாரனைக் கொண்டுவரச் சொன்னார். ஈயத்தை உருக்கி எடுத்து, வாயைக் கொஞ்சம் விரித்து, மண்ணெண்ணெய் ஊற்றும் புனலாக்கி ஆணியில் மாட்டினார்.